‘ரீசெட்’ பொத்தான் எதையும் கற்றுத் தருவதில்லை

மாணவர்களே, ஒரு சிறிய சிக்கலைப் பற்றிப் பேசுவோம். கையடக்க மீடியா பிளேயர் ஒன்றில் நேற்றுவரை நன்றாக ஓடிய காணொளிகள் இன்று ஓடவில்லை. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. “புதிய பதிப்பு தயாராக உள்ளது, நிறுவலாமா?” என்று கருவி கேட்டது, நீங்கள் “சரி” என்று அழுத்தினீர்கள். இப்போது பாட்டு கேட்கிறது, திரையோ கறுப்பாக இருக்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பதில்களே அதிகம் கிடைக்கின்றன. “ரீசெட் பண்ணிடுவேன் சார்” என்பது ஒன்று. “அது பழசு சார், புதுசு வாங்கிடலாம்” என்பது மற்றொன்று. “ஏன் என்று முதலில் பார்ப்பேன்” என்ற மூன்றாவது பதிலுக்காகக் காத்திருக்கிறேன். அது அரிதாகவே வருகிறது.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆய்வுக்கூடத்தில் கருதுகோள், மாறிகள், நியாயமான சோதனை என்று பக்கம் பக்கமாக எழுதும் மாணவர், தம் பையில் இருக்கும் கருவி மக்கர் செய்ததும் அத்தனையையும் மறந்துவிடுகிறார் என்றால், நாம் சொல்லித்தரும் அறிவியல் தேர்வுத்தாளைத் தாண்டவில்லை என்றுதான் பொருள். மக்கர் செய்யும் மீடியா பிளேயர் நல்லதோர் ஆய்வுக்கூடம். அதை உடனே ரீசெட் செய்வது, சோதனை தொடங்கும் முன்பே சோதனைக்குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதற்குச் சமம்.

தடயத்தை அழிக்காதீர்கள்

ரீசெட் என்ன செய்கிறது? கருவியின் அமைப்புகளை எல்லாம் அழித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகிறது. பல கருவிகளில் உள்ளே இருக்கும் படங்களும் பாடல்களும் சேர்ந்தே போய்விடும். சில நேரம் சிக்கலும் போய்விடும், உண்மைதான். ஆனால் சிக்கல் ஏன் வந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடுகிறது. அடுத்த மாதம் அதே சிக்கல் திரும்பினால், நீங்கள் முதல் நாள் நின்ற இடத்திலேயே மறுபடியும் நிற்பீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான கருவிகளில் ரீசெட், நிறுவப்பட்ட புதிய நிலைப்பொருளைப் பழைய பதிப்புக்குத் திருப்புவதில்லை. அமைப்புகளை மட்டுமே துடைக்கிறது. ஆகவே குற்றவாளி உண்மையிலேயே புதிய பதிப்புதான் என்றால், ரீசெட் செய்தும் பயன் இருக்காது. படங்களை இழந்ததுதான் மிச்சம்.

நிலைப்பொருள் என்றேனே, அதைச் சற்று விளக்கிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘ஃபர்ம்வேர்’ என்பார்கள். கணினி வல்லுநர் ஆஷர் ஓப்லர் 1967ல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கையால் தொடக்கூடிய வன்பொருளுக்கும், நினைத்தபடி மாற்றக்கூடிய மென்பொருளுக்கும் இடைப்பட்டது இது. பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், சேமிப்பு அட்டையை எப்படிப் படிக்க வேண்டும், காணொளியைப் பிரித்துத் திரையில் எப்படிக் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் கருவிக்குச் சொல்லித்தருவது இதுவே. கருவிக்குள் இருக்கும் நினைவகச் சில்லில் இது குடியிருக்கிறது.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காக்கை உட்கார்ந்த அதே நொடியில் பழம் விழுந்தது. பார்த்தவர் காக்கைமீது பழிபோட்டார். பழமோ ஏற்கெனவே கனிந்து, காம்பு தளர்ந்து இருந்தது. அறிவியல் வகுப்பில் நாம் படும் பாட்டில் பாதி, இந்தப் பழமொழியைப் புரியவைப்பதற்குத்தான். ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்தது என்பதாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகிவிடாது.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருவர் தம் அண்ணன் கொடுத்த பழைய மீடியா பிளேயரைக் கொண்டுவந்தார். நிலைப்பொருளைப் புதுப்பித்த பிறகு காணொளிகள் ஓடவில்லை என்பது அவரது புகார். “எந்தக் காணொளிகள்?” என்று கேட்டேன். பள்ளித் தீபாவளிக் கொண்டாட்டத்தில் எடுத்தவை என்றார். பழைய காணொளி ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அது அழகாக ஓடியது. மேலும் விசாரித்தபோதுதான் தெரிந்தது, புதுப்பிப்பு நடந்த அதே வாரத்தில் அவர் வீட்டில் புதிய கைப்பேசியும் வாங்கியிருந்தார்கள். அந்தக் கைப்பேசி காணொளிகளை எச்.265 என்ற புதிய முறையில் பதிவு செய்தது. பழைய பிளேயருக்கு எச்.264தான் தெரியும். புதுப்பிப்பு வெறும் காக்கை. பழத்தைக் கனியவைத்தது கைப்பேசி.

இங்கே நாங்கள் செய்தது ஒரே ஒரு சோதனை. புதுப்பிப்புக்கு முன்பே கருவியில் இருந்து, அப்போது நன்றாக ஓடிய கோப்பு ஒன்றை மீண்டும் ஓடவிட்டோம். ஆய்வுக்கூடத்தில் இதற்குக் ‘கட்டுப்பாடு’ என்று பெயர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மாற்றாமல் வைத்திருக்கும் மாதிரி அது. அதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் ரீசெட் செய்திருந்தால், அண்ணன் சேர்த்துவைத்த பாடல்கள் போயிருக்கும். தீபாவளிக் காணொளி அப்போதும் ஓடியிருக்காது.

அடுக்குப் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது?

“சார், கோப்பின் பெயர் எம்பி4 என்றுதானே முடிகிறது, பிளேயரும் எம்பி4 ஓடும் என்றுதானே அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது?” என்பது அடுத்து வரும் கேள்வி. நியாயமான கேள்விதான்.

பாட்டி வீட்டில் இருக்கும் டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் சோறு, இன்னோர் அடுக்கில் குழம்பு, மேலே பொரியல். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா டிபன் கேரியர்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பவையெல்லாம் டிபன் கேரியரின் பெயர்கள். ஓர் அடுக்கில் படம், இன்னொன்றில் ஒலி, சில நேரம் மூன்றாவதில் வசன வரிகள். ஒவ்வோர் அடுக்கிலும் இருப்பது எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது தனிக் கதை. அந்தச் சுருக்கும் முறைக்குத்தான் ‘கோடெக்’ என்று பெயர். எச்.264, எச்.265, எம்பெக்-4 என்பவை படத்துக்கான கோடெக்குகள். எம்பி3, ஏஏசி, ஏசி3 என்பவை ஒலிக்கானவை.

பாட்டு கேட்கிறது, படம் தெரியவில்லை என்றால் என்ன பொருள் என்று இப்போது உங்களுக்கே புரியும். பாத்திரத்தைத் திறக்க முடிந்திருக்கிறது. ஒலி அடுக்கைப் பரிமாறவும் முடிந்திருக்கிறது. பட அடுக்கில் இருப்பதை மட்டும் கருவிக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஏன் இவ்வளவு சிரமப்பட்டுச் சுருக்க வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 320 x 240 புள்ளிகள் கொண்ட சிறிய திரையில் 76,800 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்துக்கும் 24 பிட், நொடிக்கு 30 படங்கள் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 55,296,000 பிட் தேவை. இதையே எச்.264 முறையில் நொடிக்கு 768,000 பிட் அளவுக்குச் சுருக்கலாம். வகுத்துப் பாருங்கள்: 72 மடங்கு சுருக்கம்!

இந்தச் சுருக்கத்தின் இரகசியம் எளிமையானது. அடுத்தடுத்த படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே முழுப் படத்தையும் ஒவ்வொரு முறையும் சொல்லாமல், மாறியதை மட்டும் சொன்னால் போதும். எச்.264ன் சில வகைகளில் ஒரு படம், தனக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் சேர்த்தே சார்ந்திருக்கும். இதனால் கோப்பு இன்னும் சிறிதாகும். ஆனால் அதைப் பிரிக்கும் கருவி பல படங்களை நினைவகத்தில் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டும். கணக்கும் கூடுதலாகப் போட வேண்டும். அதனால்தான் எச்.264 முறைக்குள்ளேயே ‘பேஸ்லைன்’, ‘மெயின்’, ‘ஹை’ என்று பல படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். பேஸ்லைன் எளியது, சிறிய கருவிகளுக்கு ஏற்றது. ஹை கடினமானது. “எச்.264 ஓடும்” என்று அட்டைப்பெட்டி சொன்னாலும், எந்தப் படிநிலைவரை ஓடும் என்பதை உள்ளே இருக்கும் சிறிய எழுத்துகள்தாம் சொல்லும்.

ஐபாட் சொல்லும் பாடம்

இதற்கு வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2005 அக்டோபரில் காணொளி காட்டும் முதல் ஐபாடை வெளியிட்டது. அது எச்.264 காணொளிகளை 320 x 240 அளவில், நொடிக்கு 768,000 பிட் வரை, பேஸ்லைன் படிநிலையில் மட்டுமே ஏற்றது. மேலே நாம் போட்ட கணக்கு அந்தக் கருவியின் கணக்குதான். 2006ல் வந்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு 640 x 480 அளவிலான காணொளிகளையும் ஏற்றது. வன்பொருள் மாறவில்லை, கருவிக்குத் தரப்பட்ட கட்டளைகள் மாறின. புதுப்பிப்பால் கருவி கூடுதல் திறன் பெற்ற நல்ல நிகழ்வு இது.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அந்தப் பெரிய அளவுக்கு, பேஸ்லைனிலும் எளிமையாக்கப்பட்ட ஒரு வகையைத்தான் ஐபாட் ஏற்றது. கோப்பு அந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டும் சிறிய அடையாளக் குறி ஒன்றும் கோப்புக்குள் இருக்க வேண்டும். காணொளி எல்லா வகையிலும் சரியாக இருந்தும், அந்தக் குறி இல்லையென்றால் ஐபாட் மறுத்துவிடும். காணொளி மாற்றும் இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக், அந்தக் குறியைச் சேர்ப்பதற்கென்றே ஒரு தெரிவை வைத்திருந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? “புதுப்பித்தேன், பெரிய காணொளி ஓடும் என்றார்கள், ஓடவில்லை, ஆகவே கருவி கெட்டுவிட்டது” என்று அன்று சிலர் முடிவுகட்டியிருக்கலாம். கருவியும் நன்றாக இருந்தது, கோப்பும் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் இடையிலான ஒப்பந்தம்தான் பொருந்தவில்லை. பழுது என்று நாம் சொல்வதில் பாதி, இப்படிப்பட்ட பொருத்தமின்மைதான்.

அறிகுறி பேசும்

மருத்துவர் “எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, எப்படி வலிக்கிறது?” என்று கேட்பார். “உடம்பு சரியில்லை” என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. “வீடியோ ஓடலை” என்பதும் அப்படிப்பட்ட பதில்தான். அறிகுறியைத் துல்லியமாகச் சொல்லப் பழகுங்கள்.

படம் தெரிகிறது, ஒலி இல்லையா? ஒலி அடுக்கின் கோடெக்கைச் சந்தேகியுங்கள். சில ஒலி முறைகளுக்கு உரிமக் கட்டணம் உண்டு. எல்லாச் சிறிய கருவிகளிலும் அவை இருப்பதில்லை.

கோப்பு பட்டியலிலேயே இல்லையா? கோடெக்கைச் சந்தேகிக்க இன்னும் நேரம் வரவில்லை. பல கருவிகள் தங்களிடம் உள்ள கோப்புகளுக்கு ஓர் அட்டவணை தயாரித்து வைத்துக்கொள்கின்றன. புதுப்பிப்புக்குப் பிறகு அந்த அட்டவணை புதிதாக உருவாக வேண்டியிருக்கலாம். நிறையக் கோப்புகள் இருந்தால் நேரம் எடுக்கும். பொறுத்திருங்கள், அல்லது அமைப்புகளில் அட்டவணையை மீண்டும் உருவாக்கும் தெரிவைத் தேடுங்கள். கோப்பு முழுமையாக நகலெடுக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். கணினியிலிருந்து ‘பாதுகாப்பாக அகற்று’ என்று சொல்லாமல் கம்பியைப் பிடுங்கினால், கடைசிப் பகுதி எழுதப்படாமலே போகலாம். எஃப்ஏடி32 முறையில் அமைந்த சேமிப்பு அட்டை 4 ஜிகாபைட்டை எட்டும் ஒரே கோப்பை ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

காணொளி எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா? அந்த இடத்தில் கோப்பு சிதைந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறதா? சேமிப்பு அட்டை, மின்கலம் போன்றவற்றின் பக்கம் பாருங்கள். அமைதியான காட்சிகள் நன்றாக ஓடி, சண்டைக் காட்சியில் மட்டும் திக்குகிறதா? வேகமான காட்சியில் மாற்றம் அதிகம். மாற்றம் அதிகமென்றால் தரவும் அதிகம். அந்தச் சுமையைக் கருவியால் தாங்க முடியவில்லை என்று ஊகிக்கலாம்.

உதட்டசைவும் ஒலியும் பொருந்தவில்லையா? தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகல் இருக்கிறதா, போகப் போகக் கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடிக்கொண்டே போனால் நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கில் பிசகு இருக்கலாம். திரைப்படக் காணொளிகள் பலவற்றில் நொடிக்கு 23.976 படங்கள் இருக்கும். கருவி அதை 24 என்று எடுத்துக்கொண்டால், வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடிகள். முடிவில் படம் 3.6 நொடி முந்திக்கொண்டு ஓடும். ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பாடநூலில் பார்த்ததில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இனிச் சோதனைக்கு வருவோம். இரண்டு கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, புதுப்பிப்புக்கு முன் நன்றாக ஓடியது. மற்றொன்று, இப்போது ஓட மறுப்பது. இரண்டையும் பிளேயரிலும் கணினியிலும் ஓடவிட்டுப் பாருங்கள். கணினியில் விஎல்சி போன்ற இலவச மென்பொருள் போதும்.

ஓட மறுக்கும் கோப்பு கணினியிலும் ஓடவில்லை என்றால், கோப்பே சிதைந்திருக்கிறது. அது கணினியில் ஓடி, பழைய கோப்பு பிளேயரில் ஓடினால், கோப்புக்கும் கருவிக்கும்தான் பொருத்தமில்லை. புதுப்பிப்பின் மீதான சந்தேகம் குறைகிறது. பழைய கோப்பும் இப்போது பிளேயரில் ஓட மறுத்து, கணினியில் மட்டும் ஓடினால், அப்போது புதுப்பிப்பைச் சந்தேகிக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. நண்பரிடம் அதே வகைக் கருவி புதுப்பிக்கப்படாமல் இருந்தால், அதே கோப்பை அதிலும் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நிறுவனம் பழைய பதிப்பைத் தந்தால் அதை நிறுவிப் பாருங்கள். சிக்கல் மறைந்து, புதியதை நிறுவியதும் திரும்ப வந்தால், வழக்கு நிரூபணமாகிவிட்டது.

கோப்பின் அடுக்குகளில் என்ன இருக்கிறது என்பதை விஎல்சியின் ‘டூல்ஸ்’ பட்டியலில் உள்ள ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ காட்டும். ஓடும் கோப்பையும் ஓடாத கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கோடெக், அளவு, நொடிக்கு எத்தனை படங்கள் என்று ஓர் அட்டவணை போடுங்கள். எந்த வரிசையில் வேறுபாடு இருக்கிறதோ, அங்கேதான் உங்கள் கருதுகோள் பிறக்கிறது.

பிறகு கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அளவைக் குறையுங்கள், ஓடவிடுங்கள். பயனில்லையா? அளவை முன்பிருந்தபடி விட்டுவிட்டு, கோடெக்கை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் காணொளி ஓடலாம். ஆனால் எது ஓடவைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. மூலக்கோப்பை மட்டும் தொடவே கூடாது. ஒவ்வொரு முயற்சியையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். எழுதாத சோதனை, பாதிச் சோதனைதான்.

பாதுகாப்பு குறித்து ஒரு வார்த்தை. நிலைப்பொருளை நிறுவும்போது மின்கலம் போதிய அளவு நிரம்பியிருக்க வேண்டும் என்று கருவிகள் வற்புறுத்துவது சடங்குக்காக அல்ல. நினைவகச் சில்லில் பழைய கட்டளைகளை அழித்துவிட்டுத்தான் புதியவற்றை எழுத முடியும். பாதியில் மின்சாரம் போனால், பாதி அழிந்து பாதி எழுதிய நிலையில் கருவி விழிக்கவே விழிக்காமல் போகலாம். நிலைப்பொருளைத் தயாரிப்பாளரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். உங்கள் கருவியின் மாதிரி எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள்.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு

இதுவரை மாணவர்களிடம் பேசினேன். எல்லாப் பொறுப்பையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. “சில பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது” என்று ஒரே வரியோடு புதுப்பிப்பு வந்தால், எதை வைத்துச் சோதிப்பது? எந்தப் பிழை, எந்தக் கோடெக், எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது? இவற்றைச் சொல்லாத புதுப்பிப்பு, மூலப்பொருள் எழுதாத மருந்துப் புட்டி போன்றது.

நீக்கம் என்பதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கு 2010 ஏப்ரல் 1ஆம் தேதி வெளியிட்ட 3.21 எண் புதுப்பிப்பு, லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளங்களை நிறுவும் வசதியை நீக்கியது. பாதுகாப்பே காரணம் என்றது நிறுவனம். புதுப்பிக்க மறுத்தவர்களால் இணைய விளையாட்டுச் சேவையில் நுழைய முடியவில்லை. அமெரிக்காவில் வழக்கு நடந்து, ஆண்டுகள் பல கழித்துச் சமரசத்தில் முடிந்தது. நம் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ 1981ல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், உலகச் சந்தையில் ஐபாடோடு போட்டியிட்ட மீடியா பிளேயர்களைத் தயாரித்தது. அதன் ஸென் வரிசைக் கருவிகள் சிலவற்றில் வானொலியைப் பதிவு செய்யும் வசதியை 2006ல் வந்த நிலைப்பொருள் புதுப்பிப்பு எடுத்துவிட்டது. பணம் கொடுத்து வாங்கிய வசதி, வாங்கிய பிறகு காணாமல் போகலாம் என்பதே இந்த நிகழ்வுகள் நமக்குச் சொல்வது.

வேறு வழியும் இருந்திருக்கிறது. 2001ல் சுவீடனைச் சேர்ந்த நிரலாளர் பியோர்ன் ஸ்டென்பெர்க்கும் நண்பர்களும், ஆர்க்கோஸ் நிறுவனத்தின் மியூசிக் பிளேயரில் இருந்த நிலைப்பொருளில் திருப்தி இல்லாமல், தாங்களே புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். ‘ராக்பாக்ஸ்’ என்ற அந்த இலவச நிலைப்பொருள், பின்னர் ஐபாட் உட்படப் பல பழைய கருவிகளில் ஓடும்படி வளர்ந்தது. அதில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் எவரும் படித்துப் பார்க்கலாம். தயாரிப்பாளர் கைவிட்ட கருவிகளுக்கு அது மறுவாழ்வு கொடுத்தது.

எல்லா நிறுவனமும் அப்படித் திறந்து வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்றே மூன்று கோரிக்கைகள்தாம். என்ன மாறியது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை, குறைந்தது சில மாதங்களுக்காவது திறந்து வையுங்கள். கருவி எந்தக் கோடெக்கை எந்தப் படிநிலைவரை ஓட்டும் என்பதை ஒளிக்காமல் அச்சிடுங்கள். வாடிக்கையாளரின் நேரத்தை மதிக்கும் எந்த நிறுவனத்துக்கும் இவை கடினமல்ல.

மறுத்துப் பேசுவோருக்கு

“அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே?” என்று கேட்பீர்கள். கூடாது. இணையத்தோடு இணையும் கருவிகளுக்குப் புதுப்பிப்பு, பூட்டை மாற்றுவது போன்றது. ஓட்டை தெரிந்த பிறகும் மாற்றாமல் இருப்பது ஆபத்து. புதுப்பியுங்கள். ஆனால் அதற்கு முன் இப்போதைய பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், முக்கியமான கோப்புகளை நகலெடுத்து வையுங்கள், குறிப்புகளைப் படியுங்கள். ஐந்து நிமிட வேலை.

“இந்தக் காலத்தில் மீடியா பிளேயரை யார் சார் வைத்திருக்கிறார்கள்?” என்ற கேள்வியும் வரும். தாத்தாவின் பக்திப்பாடல் பெட்டியைக் கேட்டுப் பாருங்கள், வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். அதைவிட, இங்கே சொன்னவை தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் வகுப்பறை ஒளிப்படக்காட்டிக்கும் அப்படியே பொருந்தும். பிளேயர் சிறியது, மலிவானது, பயமில்லாமல் கற்க ஏற்றது. நீச்சலை யாரும் நடுக்கடலில் கற்பதில்லை.

“ஒரு மணி நேரம் செலவழிப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவு” என்று பெரியவர்களே சொல்வதுண்டு. அந்தக் கணக்கில் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது. ஐக்கிய நாட்டு அமைப்புகள் 2024ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 62 மில்லியன் டன் மின்கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு உருவாவதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. அந்தக் குவியலில் கோப்பு பொருந்தாத ஒரே காரணத்துக்காகத் தூக்கி எறியப்பட்ட கருவியும் இருக்கும் என்பது என் வருத்தம். அவற்றில் ஒன்றும் பழுதாகவில்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் தீவில் தொண்டூழியர்கள் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற பெயரில் அக்கம்பக்கத்தினரின் பழுதான பொருள்களை அவர்களோடு சேர்ந்தே சரிபார்க்கிறார்கள். உரிமையாளரே பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே நடைமுறை. பள்ளிகளிலும் இதைச் செய்யலாம் என்று நான் நினைக்கிறேன். தவணைக்கு ஒரு செய்முறைப் பாடத்தில், ஒவ்வொரு குழுவும் வீட்டில் மக்கர் செய்யும் பொருள் ஒன்றைக் கொண்டுவரட்டும். அறிகுறி, கருதுகோள், கட்டுப்பாடு, சோதனை, முடிவு என்று அறிக்கை எழுதட்டும். சரிசெய்ய முடியாமல் போனாலும் காரணத்தை நிறுவியிருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம். மீடியா பிளேயர் போன்ற, மின்கலத்தில் இயங்கும் பொருள்களோடு தொடங்கினால், சுவர் மின்சாரத்தைத் தொட வேண்டிய ஆபத்தும் இல்லை. அறிவியல் தங்கள் பைக்குள் இருக்கும் பொருளுக்கும் உதவும் என்று ஒருமுறை கண்டுகொண்ட மாணவரை, பிறகு யாரும் “படி, படி” என்று விரட்ட வேண்டியிருக்காது.

ரீசெட் பொத்தானை நான் எதிரியாக நினைக்கவில்லை. எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகு, நகல் எடுத்த பிறகு, காரணம் கருவியின் அமைப்புகளில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகு, அதை அழுத்துவதில் தவறில்லை. அப்போது அது ஊகம் அல்ல, முடிவு. அதுவரை விரலைச் சற்றுத் தள்ளி வைத்து, மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடக்கிறது, எப்போதிருந்து நடக்கிறது, அதற்கு முன் எதெல்லாம் மாறியது. மூன்றாவது வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் இருந்தால், உங்கள் சோதனை தொடங்கிவிட்டது.